அசையும் சரக்கு

"அடுப்புல முட்டையைப் போடலாம்!"

காலை ஏழேகாலுக்குக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திக்கொண்டே ஸ்டோர்காரர் இப்படிக் குரல் கொடுப்பார். சமையலறையில் அவர் மனைவி பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவார். கம்ப்யூட்டர் முதலில் இருமும். பிறகு வயிற்றுக்குள் எதையோ போட்டு அரைக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஊர்ந்து வந்து, யோசித்து, மறுபடியும் யோசித்து, கடைசியில் நீலத்திரை விரிந்து "டிங்" என்று மணியடிக்கும்போது சரியாகப் பதினொரு நிமிடம் ஆகியிருக்கும். "இறக்கிடு!" என்பார். முட்டை அளவாக வெந்திருக்கும். அதை உரித்துத் தின்றுகொண்டே, திரைப்பெட்டியின் பக்கவாட்டில் நூல் கட்டித் தொங்கவிட்ட அட்டையை எடுத்துத் தேதி போட்டு, "முட்டை - இரண்டு" என்று எழுதிக் கையெழுத்திடுவார்.

வீட்டில் கடிகாரம் இல்லையா என்று கேட்கக் கூடாது. இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு நேர் மேலே, அதே சுவரில்தான் மாட்டியிருக்கிறது.

ஒரு நாள் நடுவில் மின்சாரம் கண்சிமிட்டிவிட்டது. மறுபடி எழுந்த கம்ப்யூட்டர் தன் உடம்பைத் தானே பரிசோதிக்க ஆரம்பித்து, ஒரு மணி நேரம் அதிலேயே மூழ்கிவிட்டது. "இறக்கட்டுமாங்க?" என்று மனைவி மூன்று தடவை கேட்டார். "மணி அடிக்கலையே!" என்று மூன்று தடவையும் பதில் வந்தது. தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகி, முட்டை வெடித்துக் கூரையில் ஒட்டிக்கொண்டது. அன்றைய பதிவு: "முட்டை - இரண்டு (சேதாரம்)".

ஸ்டோர்காரர் முப்பத்தோரு வருஷம் ஒரு பஸ் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கைக் கட்டி ஆண்டவர். பிரேக் லைனிங், விசிறி பெல்ட், கேஸ்கட், சுண்டுவிரல் அளவு போல்ட் வரை எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு அட்டை தொங்கும். எப்போது வந்தது, எப்போது போனது, யார் வாங்கினார் என்று அதில் இருக்க வேண்டும். ஒரு வருஷம் ஒருவரும் கேட்டு வராத பொருளுக்கு அசையாத சரக்கு என்று பெயர். அசையாத சரக்கை எடைக்குப் போட்டுவிடலாம். "கண்டம் பண்ணிடறது" என்பார்கள். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால் போதும், அது அசையும் சரக்கு. அதை ஆண்டவனே வந்தாலும் அசைக்க முடியாது.

இந்தச் சட்டத்தைத்தான் அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் கொண்டு வந்திருந்தார். கிடங்கில் வருஷத்துக்கு ஒரு கையெழுத்து போதும். வீட்டில் தினம் ஒன்று. அவ்வளவு பயம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் வாங்கிய பெட்டி அது. அதில் இப்போது எந்தக் கடிதமும் வராது, எந்தப் படமும் ஓடாது. வலைத்தளம் என்றால் அதற்குச் சிலந்திதான் ஞாபகம் வரும். கணக்குப் போடும் கருவியும் சீட்டு விளையாட்டும் மட்டும் வேலை செய்யும். கணக்குக் கருவியிலும் ஏழாம் எண் அழுந்தாது. ஏழு வேண்டுமென்றால் எட்டைத் தட்டி ஒன்றைக் கழிப்பார். உள்ளே இருக்கும் மின்கலம் செத்துப் பல காலமானதால், ஒவ்வொரு காலையும் அதற்கு ஒரே ஒரு பழைய வருஷத்தின் ஜனவரி முதல் தேதிதான். அதன் கணக்குப்படி ஸ்டோர்காரர் இன்னும் வேலையில் இருந்தார்.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்று அவர் மைத்துனர் சொல்வதுண்டு. மைத்துனர் கைப்பேசிக் கடை வைத்திருப்பவர். மூன்று வருஷம் ஆன எதைப் பார்த்தாலும் அவருக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

"அத்தான், முட்டை அவிக்க ஒரு கம்ப்யூட்டரா? ஊர்ல சொன்னா சிரிப்பாங்க."

"மச்சான், உன் கடையில இருக்கிற போன்ல ஒரு முட்டை அவிச்சுக் காட்டு, பார்க்கலாம்."

"போன்ல எதுக்கு முட்டை அவிக்கணும்?"

"பார்த்தியா? அதுக்குத் துப்பில்லை. பேச வந்துட்ட."

மைத்துனர் தேநீரைக் குடித்துவிட்டுப் போவார்.

முட்டை ஒரு வேலைதான். திரைப்பெட்டியின் தலை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால், மழைக்காலத்தில் உப்பு ஜாடியும் தீப்பெட்டியும் அதன்மேல் ஏறிக்கொள்ளும். காலுறைகள் அதன் பின்புறத்தில் காயும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகும்போது சீட்டு விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போவார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் திருடன் உள்ளே ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்வானாம். "திருடன் வந்தா நல்லதுதாங்க. இதைத் தூக்கிட்டுப் போறதா இருந்தா சாவியை நானே கொடுத்துட்டு வருவேன்" என்றார் மனைவி.

அதோடு ஒட்டிப் பிறந்த அச்சு இயந்திரம் ஒன்றும் இருந்தது. ரம்பம் அறுப்பதைப் போல ஊரைக் கூட்டி அச்சடிக்கும். அதை வைத்துச் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் போட்டுச் சீட்டு ஒட்டினார். சர்க்கரைக்கு சமை-18, உப்புக்கு சமை-13. மை நாடா நைந்து போயிருந்ததால் எழுத்துகளின் மேல்பாதி மட்டும்தான் விழும். பாதி எட்டுக்கும் பாதி மூன்றுக்கும் என்ன வித்தியாசத்தைக் கண்டுவிட முடியும்? மைத்துனர் அன்று தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "என்மேல ஏதாவது கோபமாக்கா?"

இத்தனை கூத்தையும் மனைவி பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். கம்ப்யூட்டர் ஜன்னலோரத்தில் இருந்தது.

அந்த வீட்டில் வெளிச்சம் வரும் ஜன்னல் அது ஒன்றுதான். மனைவியின் தையல் மெஷினோ சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்துப் போகும் நடையில் கிடந்தது. அங்கே ஒரு குமிழ் விளக்கு உண்டு. அதுவும் உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால். ஊசி போகிற இடத்துக்கெல்லாம் அவர் தலையின் நிழலும் கூடவே போகும். இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாமே என்றால், கம்ப்யூட்டர் மேஜை நடைக்குள் நுழையாது. ஸ்டோர்காரர் அதை மூன்று தடவை அளந்து பார்த்திருக்கிறார். மூன்று தடவையும் நாலு விரற்கடை இடித்தது. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மனைவி ஜன்னலோரத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் மறுநாளே கம்ப்யூட்டருக்கு ஒரு புது உத்தியோகம் கிடைத்துவிடும். காலுறை காய ஆரம்பித்தது அப்படித்தான். எண் சீட்டு வந்ததும் அப்படித்தான். போன தடவை கேட்டபோது, "நிழல் விழுது, துணி தெரியலைங்க" என்றார் மனைவி. ஸ்டோர்காரர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். மனைவி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பணிமனையில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. தெரியாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் கூடவே ஒரு பேச்சு. மனுஷன் பயந்துபோய் இதை வாங்கினார். வேலை விட்டு வந்ததும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஏழு மாதத்தில் கிடங்கின் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு உருப்படிகளையும் அதில் ஏற்றினார். பட்டியலை அச்சடித்துக் கட்டாகக் கட்டி மேலாளரிடம் கொண்டுபோய் வைத்தார். "அருமையா இருக்கே!" என்றார் மேலாளர். ஒரு மாதத்தில் புது இயந்திரங்கள் தங்கள் சொந்தப் பட்டியலோடு வந்து இறங்கின. கூடவே ஸ்டோர்காரருக்கு முன்கூட்டியே ஓய்வு என்று ஒரு கடிதமும் வந்தது. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசினதே இல்லை. கடிதம் வந்த மறுநாள் காலைதான் கம்ப்யூட்டரின் கழுத்தில் அட்டை ஏறியது.

இந்த நிலையில்தான் மனைவிக்கு ஒரு ஆர்டர் கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மருத்துவமனை. நோயாளிகளுக்குப் போடும் கரும்பச்சை அங்கி நாற்பது. இதுவரை ஓரம் மடிப்பதும் பித்தான் வைப்பதுமாக இருந்தவருக்கு இதுதான் முதல் பெரிய வேலை. நன்றாக வந்தால் மாதாமாதம் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மனைவி ராப்பகல் பாராமல் நடையில் உட்கார்ந்து தைத்தார், மடித்தார், கட்டினார், கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மூட்டை திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு குத்தியிருந்தது. இருபத்தாறு அங்கிகள் தள்ளுபடி. ஐந்து நாளில் சரிசெய்து தராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

மனைவி மூட்டையைப் பிரிக்கவில்லை. நடையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டோர்காரருக்கோ தள்ளுபடிச் சீட்டைப் பார்த்ததும் கண்ணில் ஒரு பழைய ஒளி வந்துவிட்டது. எத்தனை ஆயிரம் சீட்டு எழுதிய கை! கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூட்டையை முன்னறைக்கு இழுத்துவந்து, ஒவ்வொரு அங்கியாக உதறி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். அந்தத் துணிக்கு ஒரு பக்கம் மினுமினுப்பு, மறுபக்கம் மங்கல்; தடவினால் இரண்டும் ஒன்றுதான். இருபத்தாறு அங்கிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கை மட்டும் உள்பக்கம் வெளியே தெரியத் தைக்கப்பட்டிருந்தது. ஒரே அங்கியில் இரண்டு பச்சை.

"சரியாத்தான் திருப்பி அனுப்பியிருக்கான்" என்றார் ஸ்டோர்காரர். "நானா இருந்தாலும் தள்ளியிருப்பேன். நல்ல பக்கம் எது, உள்பக்கம் எதுன்னுகூடவாம்மா தெரியாது?"

அவ்வளவுதான். மனைவி எழுந்து வந்தார்.

"தெரியலைங்க. அந்த இருட்டுல எனக்குத் தெரியலை. இப்பவும் கூடம் நேராத்தான் இருக்கா, சொல்லுங்க?"

ஸ்டோர்காரர் வாயைத் திறந்தார்.

"நான் பேசி முடிச்சுடறேன். இந்த டப்பாவுக்கு ஒரு வேலை கிடைக்காதான்னு தினமும் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறீங்க. முட்டை அவிக்குது, உப்பைக் காய வைக்குது, திருடனை விரட்டுது. எனக்கு வேலை கிடைச்சிருக்குங்க. யாரும் தேடிக் கொடுக்கலை. உட்கார இடம்தான் இல்லை."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் ஸ்டோர்காரரும் சத்தம் போட்டிருப்பார். மனைவி சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். உள்ளே ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. அது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

கிடங்கில் இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பொருளைத் தள்ளினால் காரணம் எழுத வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் "காரணம்" என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. ஸ்டோர்காரருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு அங்கியையும் வெட்டி மிச்சமான இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு நடைக்குப் போனார். மெஷின் முன்னால் மனைவி உட்காரும் முக்காலியில், முழங்கால் சுவரில் இடிக்க, முதல் தடவையாக உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார். அவருடைய தலையின் நிழல் துணிமேல் வந்து விழுந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தார், நிழலும் சாய்ந்தது. துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் இருந்தது. இதுதான் நல்ல பக்கம் என்று ஒன்றைத் தேர்ந்து, கசங்காமல் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து பார்த்தார். உள்பக்கம். மறுபடியும் நடைக்குப் போனார். ஆறு தடவை போய்வந்ததில் நாலு தடவை தப்பு.

முப்பத்தோரு வருஷம் போல்ட்டின் மரையைக் கட்டைவிரலால் தடவியே அளவு சொன்ன மனுஷன். வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அந்த வெட்கம் குறையவும் இல்லை. பேனாவை எடுத்து, "காரணம்" கட்டத்தில் "இடம் சரியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மைத்துனருக்குப் போன் செய்தார்.

"மச்சான், ஒரு சரக்கு கண்டம் ஆகுது. வந்து எடுத்துட்டுப் போ."

மைத்துனர் கடையைக்கூட முழுதாகச் சாத்தாமல் ஓடிவந்தார். அத்தான் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம். ஆனால் ஸ்டோர்காரர் அப்படியெல்லாம் சுலபமாக விட்டுவிடுகிற ஆள் இல்லை. கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்க வேண்டும் என்றார். அது அணையவே எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. பெட்டி, திரை, விசைப்பலகை, சுட்டி, அச்சு இயந்திரம், கம்பிகள், மேஜை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். அட்டையின் கடைசி வரியில் "வாங்கியவர்" என்ற இடத்தைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

"குப்பைக்குப் போற சாமானுக்குக் கையெழுத்தா அத்தான்?"

"போடு. அட்டையும் சரக்கோட போகணும்."

மைத்துனர் தலையில் அடித்துக்கொள்ளக் கை ஒழியாமல் கையெழுத்துப் போட்டார். திரைப்பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்கியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"உள்ள ஏதாவது முக்கியமானது இருக்கா? எடுத்து வெச்சுக்கலாம். கடையில போட்டா அஞ்சு நிமிஷ வேலை."

ஸ்டோர்காரர் யோசித்தார். மனைவி சமையலறை வாசலில் வந்து நிற்பதை அவர் பார்க்கவில்லை.

"இருக்கு. மூவாயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு உருப்படி" என்றார். "அப்பவே யாருக்கும் வேண்டியிருக்கலை. எனக்குத்தான் மனசு வரலை, மச்சான்."

மைத்துனர் திரைப்பெட்டியை இன்னும் இறுக அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மெஷினை ஜன்னலோரம் கொண்டுவர அரை மணி நேரம் ஆயிற்று. நடையிலிருந்து அதை வெளியே எடுக்கும்போது இரண்டு இடத்தில் சுவரின் சுண்ணாம்பு பெயர்ந்தது. வழக்கமாக இருந்தால் ஸ்டோர்காரர் அதற்கு ஒரு விசாரணை நடத்தியிருப்பார். இன்று பேசாமல் தூக்கினார். மனைவி மறுபக்கம் பிடித்தார். மேஜை இருந்த இடத்தில் தரை மட்டும் தனியாக ஒரு நிறத்தில் இருந்தது. மனைவி அதைத் துடைத்துவிட்டு மெஷினைப் போடச் சொன்னார். ஸ்டோர்காரர் சவர பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு, தள்ளுபடியான அங்கிகளின் தப்பான கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். துணியில் ஒரு கீறல் விழவில்லை. பிரித்ததையெல்லாம் மினுமினுப்பு மேலே வரும்படி அடுக்கி, மெஷினின் இடப்பக்கம் வைத்தார்.

மனைவி உட்கார்ந்தார். முதல் கையை எடுத்து, புரட்டிப் பார்த்து, அங்கியோடு சேர்த்து ஊசிக்குக் கீழே கொடுத்தார். மிதியில் கால் வைத்தவர் மிதிக்கவில்லை.

பக்கத்தில் கைகட்டி நின்ற ஸ்டோர்காரர் குனிந்தார். "என்னம்மா, நூல் மாட்டலையா?"

"மாட்டியாச்சு."

"எண்ணெய் விடணுமா?"

"வேண்டாம்."

"அப்புறம் என்ன?"

"நீங்கதான் ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

ஸ்டோர்காரர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஒரு அடி தள்ளி நின்று துணியைப் பார்த்தார். தோளின் நிழல் இன்னும் ஊசிமேல் இருந்தது. இன்னும் ஒரு அடி தள்ளினார்.